விற்றது எது, விற்காதது எது: யூனிக்ஸ் உரிமை வழக்கிலிருந்து நான் கற்றவை

1995 செப்டம்பர் 19 அன்று நோவெல் நிறுவனமும் சான்டா குரூஸ் ஆபரேஷன் நிறுவனமும் செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு அட்டவணைகள் இணைக்கப்பட்டிருந்தன. விற்கப்படும் சொத்துகளைச் சொல்லும் முதல் அட்டவணை, யூனிக்ஸ் என்னும் கணினி இயங்குதளம், அதன் வழிவந்த யூனிக்ஸ்வேர் ஆகியவற்றின் எல்லா உரிமைகளும் உடைமையும், அவற்றின் எல்லாப் பதிப்புகளும் பிரதிகளும் வாங்குபவருக்குப் போய்ச் சேரும் என்றது. விற்பனையில் சேராதவற்றைச் சொல்லும் இரண்டாம் அட்டவணையோ, யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் என்னும் வணிகக்குறிகள் நீங்கலாக, எல்லாப் பதிப்புரிமைகளும் வணிகக்குறிகளும் விற்பவரிடமே தங்கிவிடும் என்றது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பொருள் காண அமெரிக்க நீதிமன்றங்களுக்கு 2011 வரை ஆயிற்று.

அந்த ஒப்பந்தத்தை நான் படிக்க நேர்ந்தது வேலையின் நிமித்தமாகத்தான். 1990களில் இந்திய வங்கிக் கிளைகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் சான்டா குரூஸ் ஆபரேஷன், சுருக்கமாக ஸ்கோ, விற்ற ஸ்கோ யூனிக்ஸ் பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாதாரண இன்டெல் கணினியில் பல முனை சீரியல் கார்டு ஒன்றைச் செருகி, அதிலிருந்து கம்பி இழுத்துப் திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட பத்துப் பன்னிரண்டு டம்ப் டெர்மினல்களை இணைத்துவிட்டால் ஒரு கிளையின் கணக்கு வேலை முழுவதும் நடந்துவிடும். சென்னையில் நான் பணியாற்றிய நிதி நிறுவனத்திலும் அதே ஏற்பாடுதான். இயந்திரத்தை இயக்கும்போதெல்லாம் கறுப்புத் திரையில் சான்டா குரூஸ் ஆபரேஷனின் பெயரிலும் மைக்ரோசாப்டின் பெயரிலும் பதிப்புரிமை வரிகள் ஓடும். வரிசை எண்ணும் ஆக்டிவேஷன் கீயும் அச்சிட்ட உரிமச் சான்றிதழைச் செக் புத்தகத்தைப் போல பீரோவில் பூட்டி வைத்திருந்தோம், ஏனென்றால் அந்த எண்கள் இல்லாமல் மறுபடி நிறுவ முடியாது. அந்தத் திரையில் தெரிந்த பெயர்களே சொத்துக்காரர்களின் பெயர்கள் என்றுதான் எங்களைப் போன்ற எல்லோரும் எண்ணியிருந்தோம்.

2003 மார்ச் மாதம், ஸ்கோ குரூப் என்னும் நிறுவனம் ஐபிஎம் மீது நூறு கோடி டாலர் கேட்டு யூட்டா மாநிலத்தில் வழக்குத் தொடர்ந்தது. தன் யூனிக்ஸ் நிரலின் பகுதிகளை ஐபிஎம், யூனிக்ஸைப் போல இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. மே மாதத்தில் ஏறத்தாழ 1,500 பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. ஆகஸ்டில், லினக்ஸைப் பயன்படுத்துபவர்கள் பிராசசர் ஒன்றுக்கு 699 டாலர் செலுத்தி உரிமம் பெற்றுக்கொள்ளலாம் என்று விலையும் அறிவிக்கப்பட்டது. நாங்கள் கிளைகளை ஸ்கோவிலிருந்து லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. எங்கள் பொது மேலாளர் செய்தித்தாளை மேசையில் போட்டுவிட்டு, “நாளைக்கு நம்ம மேலயும் கேஸ் போடுவானாப்பா?” என்று கேட்டார். வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நழுவப் பார்த்தேன். “வக்கீலுக்கு யூனிக்ஸ் தெரியாது, உனக்குச் சட்டம் தெரியாது, ரெண்டு பேரும் உக்காந்து படிங்க” என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நானும் எங்கள் சட்ட ஆலோசகரும் ஒப்பந்தத்தையும், பின்னாளில் வந்த தீர்ப்புகளையும் வரிவரியாகப் படிக்கத் தொடங்கினோம்.

வழக்குப் போட்டவர் யார் என்பதிலேயே முதல் சிக்கல் இருந்தது. 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொத்தாக இருந்து, பின்னர் யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் என்னும் துணை நிறுவனத்துக்குப் போயிற்று. அதை 1993இல் நோவெல் வாங்கியது. 1995 ஒப்பந்தத்தின் வழியாக யூனிக்ஸ் வணிகம் சான்டா குரூஸ் ஆபரேஷனுக்குச் சென்றது. 2001இல் சான்டா குரூஸ் தன் யூனிக்ஸ் பிரிவை யூட்டாவின் கால்டெரா நிறுவனத்துக்கு விற்றுவிட்டுத் தன் பெயரை டாரன்டெல்லா என்று மாற்றிக்கொண்டது. கால்டெரா 2002இல் ஸ்கோ குரூப் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. ஆகவே எங்கள் பீரோவில் இருந்த சான்றிதழின் ஸ்கோவும் வழக்குப் போட்ட ஸ்கோவும் பெயரால் ஒன்று, நிறுவனத்தால் வேறு. ஒரு மென்பொருளின் உரிமையை விசாரிக்கும்போது பெயரை நம்பாமல் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் உரிய ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பதை எங்கள் ஆலோசகர் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்தார். வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் தொடங்கி வில்லங்கச் சான்று வரை பார்க்கும் நாம், மென்பொருள் வாங்கும்போது விலைப்பட்டியலை மட்டுமே பார்க்கிறோம் என்று அவர் அலுத்துக்கொண்டதும் நியாயமே.

சங்கிலியின் பலவீனமான கண்ணி 1995தான். யூனிக்ஸ் வணிகத்தை முழு விலை கொடுத்து வாங்கும் அளவுக்குச் சான்டா குரூஸிடம் பணம் இல்லை. எனவே அது ஏறத்தாழ 61 லட்சம் பங்குகளை நோவெலுக்குக் கொடுத்தது. அத்துடன், யூனிக்ஸின் வணிகப் பதிப்பான சிஸ்டம் ஃபைவ் உரிமங்களிலிருந்து வரும் ராயல்டியைத் தானே வசூலித்து நோவெலிடம் ஒப்படைத்துவிட்டு, அதில் 5 விழுக்காட்டை நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. மீதி 95 விழுக்காடு நோவெலுக்கு. அந்த உரிமங்கள் தொடர்பான கோரிக்கைகளைச் சான்டா குரூஸின் சார்பில் கைவிடும் அதிகாரத்தையும் நோவெல் தன்னிடம் வைத்துக்கொண்டது. வாங்கியவர் நாளை நொடித்துப்போனாலும் ராயல்டி வருமானம் கைவிட்டுப் போகாமல் இருக்கவே பதிப்புரிமையை நிறுத்திவைத்தோம் என்பது பின்னாளில் நோவெல் தரப்பின் விளக்கம். பணம் முழுவதும் கைக்கு வராதபோது விற்பவர் எதையாவது பிடித்து வைத்துக்கொள்வது இயல்புதான் என்பதால், இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன்.

ஆனால் எதிர்த்தரப்பையும் ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. 1995இல் நோவெலின் தலைமை நிர்வாகியாக இருந்த ராபர்ட் ஃபிராங்கன்பெர்க், பதிப்புரிமையையும் சேர்த்து விற்பதே தன் எண்ணமாக இருந்தது என்று சாட்சி சொன்னார். நோவெலுக்காகப் பேச்சுவார்த்தை நடத்திய அதிகாரியும் அவ்வாறே சொன்னார். விற்றவர்களே “விற்றோம்” என்று சொன்ன பிறகும் அவர்களுடைய பழைய நிறுவனம் “விற்கவில்லை” என்று வாதாடியது விநோதமாகத் தோன்றலாம். எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஒரு தாள். கையெழுத்துக்கு முந்தைய நாள், அதாவது 1995 செப்டம்பர் 18 அன்று கூடிய நோவெல் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பில், யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் வணிகக்குறிகள் நீங்கலாகத் தன் காப்புரிமைகள், பதிப்புரிமைகள், வணிகக்குறிகள் அனைத்தையும் நோவெல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்று எழுதப்பட்டிருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவதை எங்கள் அலுவலகத்தில் சடங்காக நினைத்தவர்களுக்கெல்லாம் இந்த வரியை நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

1996 அக்டோபர் 16 அன்று போடப்பட்ட இரண்டாம் திருத்தம்தான் வழக்கின் உயிர்நாடி. விலக்கு அட்டவணையின் வாசகத்தை அது மாற்றியது: யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் தொழில்நுட்பங்களை வாங்கியதன் தொடர்பான தன் உரிமைகளைச் சான்டா குரூஸ் செயல்படுத்துவதற்குத் தேவையான பதிப்புரிமைகளும் வணிகக்குறிகளும் விலக்கில் சேராது என்றது. எவை தேவையானவை? பட்டியல் இல்லை, பதிப்பு எண் இல்லை, கோப்புப் பெயர் இல்லை. யூனிக்ஸ் வியாபாரம் செய்யப் பதிப்புரிமை வேண்டும், ஆகவே எல்லாம் வந்துவிட்டது என்றது ஸ்கோ குரூப். வியாபாரம் செய்ய உரிமமே போதும், அதை உறுதிப்படுத்தத்தான் திருத்தம் எழுதினோம் என்றது நோவெல். திருத்தத்தைப் பேசி முடித்த நோவெலின் வழக்கறிஞர், சான்டா குரூஸ் தரப்பு பதிப்புரிமையைக் கேட்டபோது அதற்கு இடமில்லை என்று தாம் சொன்னதாகவே சாட்சியம் அளித்தார்.

இதில் எனக்கு மிகவும் வியப்பளித்த கட்டம் 2003 ஜூன் மாதத்தில் வருகிறது. பதிப்புரிமை தன்னுடையதே என்று நோவெல் மே 28 அன்று பகிரங்கமாக அறிவித்தது. ஒரு வாரம் கழித்து ஸ்கோ அந்த இரண்டாம் திருத்தத்தைத் தேடி எடுத்து அனுப்பியது. உடனே நோவெல், தனக்குத் தெரிந்தவரை இந்தத் திருத்தம் தன் கோப்புகளில் இல்லை என்றும், சில பதிப்புரிமைகள் கைமாறின என்ற ஸ்கோவின் கூற்றை அது ஆதரிப்பதாகத் தோன்றுகிறது என்றும் அறிக்கை விட்டது. பின்னர் வாசகத்தை ஆராய்ந்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. அந்த ஆண்டிலேயே இரு தரப்பும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் யூனிக்ஸைத் தத்தம் பெயரில் பதிவு செய்துகொண்டன. அலுவலகமும் இருவருடைய விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொண்டது. பதிவுச் சான்றைக் காட்டி “இது என் சொத்து” என்று யாராவது சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். இந்தியச் சட்டத்திலும் பதிவேட்டுக் குறிப்பு முதல்நோக்குச் சான்று மட்டுமே. எதிர் ஆவணம் வந்தால் அது நிற்காது.

தன் சொத்தின் மேல் பொய்யான உரிமை கொண்டாடித் தன் வணிகத்தைக் கெடுத்ததாக 2004 ஜனவரியில் ஸ்கோ நோவெல் மீது வழக்குத் தொடர்ந்தது. 2007 ஆகஸ்ட் 10 அன்று யூட்டா மாவட்ட நீதிபதி டேல் கிம்பால், ஜூரி விசாரணைக்கே போகாமல், பதிப்புரிமை நோவெலிடம்தான் இருக்கிறது என்று தீர்ப்பளித்தார். ஐந்து வாரத்தில், செப்டம்பர் 14 அன்று, ஸ்கோ திவால் பாதுகாப்புக் கோரியது. 2009இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியைத் திருப்பி அனுப்பியது. பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்து மூலமான ஆவணம் வேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்த எழுத்து ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஐயம் இருந்தால் சாட்சிகளைக் கேட்டு ஜூரி முடிவு செய்யட்டும் என்பது அதன் நிலைப்பாடு. இந்தத் தீர்ப்பைத்தான் நான் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். தெளிவில்லாத வாசகமும் சட்டப்படி செல்லக்கூடியதாக இருக்கலாம், ஆனால் அது செல்லுமா என்பதைக் கண்டறிய ஆகும் செலவில் நிறுவனமே மூழ்கிவிடலாம். 2010 மார்ச்சில் சால்ட் லேக் சிட்டியில் நீதிபதி டெட் ஸ்டூவர்ட் முன்னிலையில் மூன்று வாரம் விசாரணை நடந்தது. திருத்தப்பட்ட ஒப்பந்தம் பதிப்புரிமையை மாற்றிக்கொடுத்ததா என்ற கேள்விக்கு மார்ச் 30 அன்று ஜூரி “இல்லை” என்றது. 2011 ஆகஸ்ட் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இடையில் நடந்த இன்னொரு தீர்ப்பு அதிகம் பேசப்படவில்லை. 2003இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸுடன் ஸ்கோ செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, நோவெலின் அனுமதி பெற்றுச் செய்திருக்க வேண்டியது என்று 2008இல் கிம்பால் முடிவு செய்து, சுமார் 25 லட்சம் டாலரை நோவெலுக்குக் கொடுக்கச் சொன்னார். உரிமையில்லாதவரிடம் காசு கொடுத்து உரிமம் வாங்கினால், வாங்கியவரின் நிலைமையும் ஆட்டம் காணும் என்பதற்கு இது கண்கூடான உதாரணம். 699 டாலரைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று எங்கள் நிறுவனத்திலேயே ஓர் இயக்குநர் சொன்னார். எங்கள் ஆலோசகர் அதைத் தடுத்தார். “கேட்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்பதே வழக்கில் இருக்கிறது, இப்போது கட்டினால் நாளை மற்றவரும் கேட்பார்” என்பது அவருடைய வாதம். அவர் யோசனைப்படி, எந்தப் பதிப்பை எங்கிருந்து பெற்றோம், எந்த உரிமத்தின் கீழ் பெற்றோம் என்ற பதிவேட்டை உருவாக்கி, பழைய ஸ்கோ சான்றிதழ்களையும் தூக்கி எறியாமல் அதனுடன் சேர்த்து வைத்தோம். மாற்றம் திட்டமிட்டபடி நடந்தது. எங்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

இந்த வழக்கின் நிழல் என் பொழுதுபோக்கின் மீதும் விழுந்தது. பழைய யூனிக்ஸின் ஏழாம் பதிப்பை, பிடிபி-11 என்னும் பழைய கணினியைப் போலச் செயல்படும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு உண்டு. 2002 ஜனவரியில் கால்டெரா, ஒன்று முதல் ஏழு வரையிலான பதிப்புகளையும் 32-பிட் கணினிக்கான 32வி பதிப்பையும், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் பிஎஸ்டி வகை உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிந்தைய பதிப்புகளான சிஸ்டம் த்ரீயும் சிஸ்டம் ஃபைவும் இதில் சேராது என்று அந்தக் கடிதத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. விளம்பரங்களில் கால்டெரா உருவாக்கிய அல்லது உடைமையாகக் கொண்ட மென்பொருள் இதில் உள்ளது என்று குறிப்பிட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. பதிப்புரிமை கால்டெராவுக்கு வரவேயில்லை என்று 2011இல் முடிவான பிறகு, அந்த “உடைமை” எதைக் குறிக்கிறது? நோவெல் அந்த உரிமத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்லவில்லை, உலகம் முழுவதும் ஆர்வலர்கள் அதை நம்பியே இயங்குகிறார்கள், நானும் அப்படித்தான். அதோடு, 1993இலேயே, பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் வழிவந்த நிரல் தொடர்பான வழக்கில் நியூ ஜெர்சி நீதிபதி டெபவாய்ஸ், 32வி பதிப்பு பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமலே விநியோகிக்கப்பட்டதால் அதன் பாதுகாப்பு ஐயத்துக்குரியது என்று கருதித் தடையாணை தர மறுத்திருந்தார். எனவே பழைய பதிப்புகளைப் பொறுத்தவரை கவலைக்கு இடம் குறைவு. ஆனாலும் கடிதத்தின் பிரதியை நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். சிஸ்டம் ஃபைவ் மூலநிரலை யார் கொடுத்தாலும் மறுவெளியீடு செய்வதில்லை.

நிறுவனத்துக்கு இந்தப் படிப்பு உண்மையில் பயன்பட்டது சில ஆண்டுகள் கழித்து. எங்கள் கடன் கணக்கு மென்பொருளை எழுதிய ஒரு சிறு நிறுவனம் கடையை மூடும் நிலைக்கு வந்து, மூலநிரலை எங்களுக்கே விற்க முன்வந்தது. அவர்கள் கொண்டுவந்த இரண்டு பக்க ஒப்பந்தம் “மென்பொருளும் அதன் எல்லா உரிமைகளும்” என்று தொடங்கி, எங்கும் பதிப்புரிமை என்ற சொல்லே இல்லாமல் முடிந்தது. நோவெலின் முதல் அட்டவணை கண்முன் வந்து நின்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திட வேண்டும், எந்தப் படைப்பு என்று அடையாளம் காட்ட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். மாறாக எழுதாவிட்டால், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியானதாகக் கருதப்படும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேர்த்தோம். கோப்புகளின் பெயர்ப் பட்டியலை அட்டவணையாக இணைத்தோம். விலக்கு அட்டவணை என்று தனியாக ஒன்று வைத்து, அவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ள விரும்பிய, அச்சிடுவதற்கான நிரல் தொகுப்பு ஒன்றை மட்டும் அதில் பெயர் சொல்லிக் குறித்தோம்.

பட்டியல் தயாரானபோதுதான் வட்டிக் கணக்கீட்டுப் பகுதி முழுவதையும் திருச்சியைச் சேர்ந்த ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் எழுதிக்கொடுத்தார் என்பது வெளிவந்தது. சம்பள ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதிய நிரல் எழுதியவருக்கே உரியது, அவர் எழுதிக்கொடுத்தால்தான் மாறும். அவரிடம் அப்படி எதுவும் எழுதி வாங்கப்படவில்லை. நேரில் போய்ப் பேசினேன். “நான் அப்பவே காசு வாங்கிட்டேன் தம்பி, இப்ப எதுக்குக் கையெழுத்து?” என்று அவருக்கு ஆச்சரியம். அவர் எழுதியது இன்னும் சட்டப்படி அவருடையதுதான் என்று விளக்கியபோது சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு ஒரு நியாயமான தொகை கேட்டார், கொடுத்தோம். முத்திரைத்தாளில் அவருடைய உரிமை மாற்றப் பத்திரம் முதலிலும், நிறுவனத்தின் பத்திரம் அதற்குப் பிறகும் கையெழுத்தாயின. எல்லா மூலங்களின் பிரதிகளும் சட்டப் பிரிவில் ஒன்று, கணினிப் பிரிவில் ஒன்று என இரண்டு கோப்புகளாகப் போயின. திருத்தம் எது வந்தாலும் இரண்டிலும் சேர்க்கப்பட்டதற்கு இருவர் கையொப்பமிட வேண்டும் என்று விதி வைத்தோம்.

யூனிக்ஸின் இன்றைய நிலை இது: யூனிக்ஸ் என்ற வணிகக்குறி தி ஓப்பன் குரூப் அமைப்பிடம் இருக்கிறது. நோவெலை 2011இல் அட்டாச்மேட் வாங்க, அதை 2014இல் மைக்ரோ ஃபோகஸ் இணைத்துக்கொள்ள, அதையும் 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது. ஸ்கோவின் யூனிக்ஸ் வணிகம் 2011இல் வேறு கைக்குப் போய், இப்போது ஜினுவோஸ் என்னும் பெயரில் நடக்கிறது. ஐபிஎம்முடனான பழைய வழக்கை, திவாலான ஸ்கோவின் பொறுப்பாளர் 2021இல் 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசமாக முடித்துக்கொண்டார். சிஸ்டம் ஃபைவ் நிரலில் ஒரு பகுதியை வெளியிட அனுமதி கேட்க நினைப்பவர், பொருளை விற்பவருக்கு மட்டும் எழுதினால் போதாது; நோவெலின் வழியில் வந்தவருக்கும் எழுத வேண்டும், இருவருடைய பதிலையும் எழுத்திலேயே பெற வேண்டும்.